சரியா எழுதியிருக்கேனா?

மாடி அறைக்குக் குடிவந்த அன்று, வாடகை ஒப்பந்தத்தை என் கணவரிடமிருந்து வாங்கி நின்றபடியே முழுவதையும் வாசித்தார் அந்தப் பெண். பிறகு அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருந்ததைத் தன் வார்த்தையில் எங்களுக்கே திருப்பிச் சொன்னார். தண்ணீர் மோட்டார் எப்போது போடுவோம், விருந்தாளி வந்தால் எத்தனை நாள் தங்கலாம், காலி செய்வதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, "நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?" என்று கேட்டார். பதினைந்து வருடமாக அறைகளை வாடகைக்கு விடுகிறோம். கையெழுத்துப் போட்டவர்கள் நிறையப் பேர். அதைப் படித்துப் பார்த்தவரை அன்றுதான் பார்த்தோம். என் கணவர் கீழே வந்து, "வக்கீலா இருப்பாங்களோ?" என்றார்.

எங்கள் தெரு செங்கம் சாலையிலிருந்து உள்ளே பிரிவது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நெல்லும் மல்லாட்டைக் கடலையும் போட்டுக்கொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. நிலத்தில் பாதியை விற்று இங்கே வீடு கட்டி, மாடியில் ஆறு அறைகள் போட்டோம். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள்தான் பெரும்பாலும் தங்குவார்கள். கொரோனா முடிந்து அறைகள் மறுபடி நிரம்பத் தொடங்கிய சமயத்தில் இவர் வந்தார். சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்னதும் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் அது புதிதல்ல. வேலையை விட்டுவிட்டு வருவார்கள், இரண்டு மாதம் வெள்ளை ஜிப்பாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள், அப்புறம் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அதனால் மூன்றாம் நாள், "ஆசிரமத்துக்குப் போகலீங்களா?" என்று கேட்டேன்.

"நான் அதுக்கு வரலக்கா. உங்க தெருவுல ரூமெல்லாம் கூட்டிப் பெருக்குறாங்களே, அவங்களப் பத்திப் படிக்க வந்திருக்கேன்."

"கூட்டிப் பெருக்குறதுல படிக்க என்னா இருக்குது?"

"தெரியலக்கா. தெரிஞ்சா வந்திருக்க மாட்டேன்."

அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. என்னைவிட நான்கைந்து வயதுதான் சின்னவர். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தார். முன்நரையை மறைக்க மாட்டார். வேகமாக நடப்பார். பழைய கம்பெனிப் பையைத்தான் தோளில் மாட்டியிருப்பார், அதிலிருந்த கம்பெனிப் பெயரை நூல் நூலாகப் பிரித்து எடுத்திருந்தார். ஒருமுறை அவருடைய அண்ணன் வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்துகொண்டு, "இந்த வயசுல ஸ்டூடண்ட்டா?" என்று அலுத்துக்கொண்டார். "ஆமாண்ணா, ஐடி கார்டு இருக்கு, காட்டட்டுமா?" என்று கேட்டு இவர் நிஜமாகவே எடுத்துக் காட்டினார். அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, போட்டோ நன்றாக இருப்பதாகச் சொன்னார். வேறென்ன சொல்வார்?

அவருடைய வேலை என்ன என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. கோடு போடாத நீள நோட்டு ஒன்று வைத்திருப்பார். இடது பக்கத்தில் மற்றவர்கள் சொன்னது, பேனாவில். வலது பக்கத்தில் தனக்குத் தோன்றியது, பென்சிலில். இடது பக்கம் எழுதியதை ஒரு வாரத்துக்குள் சொன்னவரிடமே எடுத்துக்கொண்டு போய் உரக்கப் படித்துக் காட்டுவார். படித்துவிட்டு, "சரியா எழுதியிருக்கேனா?" என்று கேட்பார். அவர்கள் மாற்றச் சொன்னால் மாற்றுவார். எடுக்கச் சொன்னால் அவர்கள் கண் முன்னாலேயே ஒரு கோடு இழுப்பார். அவ்வளவுதான் அவருடைய சட்டம். அதை அவர் மீறி நான் பார்த்ததில்லை.

தெருமுனையில் இட்லி விற்கிறவர், காலையில் அறை கூட்டும் பெண்கள் யார் யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தார். அதைப் படித்துக் காட்டியபோது, "எல்லாம் கரெக்ட்டுங்க. இட்லிக்கடைன்னு எழுதியிருக்கீங்க, அதான் இடிக்குது. டிபன் சென்டர்னு போடுங்க" என்றார். இவர் உடனே மாற்றினார். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்து டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். சீட்டில் இருந்ததை டாக்டரிடமே திருப்பிச் சொல்லி, "நான் புரிஞ்சுக்கிட்டது சரியா டாக்டர்?" என்றார். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். சீட்டை வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தார். ஒரே மாத்திரையை இரண்டு பெயரில் எழுதியிருந்தார். ஒன்றை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்ததும் நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "அவர் மேல தப்பில்லக்கா, கூட்டம் ஜாஸ்தி" என்றார்.

எங்கள் ஆறு அறைகளையும் கூட்டித் துடைத்து, குளியலறைகளைக் கழுவுகிறவள் கன்னியம்மா. அடி அண்ணாமலையிலிருந்து வருவாள். என் வயதுதான். அவள்தான் அவரை மற்றப் பெண்களிடம் அழைத்துப் போனாள். முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். பௌர்ணமிக்கு மறுநாள் அது. கிரிவலப் பாதை முழுக்கப் பேப்பர் தட்டும் தண்ணீர் பாட்டிலும் இறைந்து கிடந்தன. வேலை முடித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒரு புங்கமரத்தடியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் நோட்டை எடுத்ததும் ஒருத்தி கேட்டாள்.

"இது எதுக்கு? கணக்கெடுப்பா? பட்டா கிட்டா வாங்கிக் குடுப்பீங்களா?"

"இல்லீங்க. பட்டா வாங்கிக் குடுக்க என்னால முடியாது."

"அப்ப எங்களுக்கு இன்னா கெடைக்கும்?"

"உங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது. எனக்கு ஒரு பட்டம் கெடைக்கும். நீங்க சொல்றத நான் சரியா எழுதுவேன், அத உங்ககிட்ட படிச்சுக் காட்டுவேன். அது மட்டும்தான் என்னால முடியும். இஷ்டம் இருந்தா பேசுங்க."

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாமே என்றிருந்தது. மூன்று பேர் எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு போனார்கள். கேள்வி கேட்டவள் மட்டும் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் பக்கத்தில் தரையைத் தட்டி, "குந்து" என்றாள். அடுத்த வாரம் எழுந்து போன மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் சொன்னதை எங்கள் வீட்டு மாடியில் நாள்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார்.

ஏன் வேலையை விட்டார் என்று அவராகச் சொல்லவில்லை. ஒரு மாலையில் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது நான்தான் கேட்டேன். நல்ல சம்பளம், பதினான்கு வருடம், எதற்கு விட வேண்டும்?

"நான் டெஸ்டிங்ல இருந்தேங்க்கா. மத்தவங்க எழுதுற புரோகிராம்ல தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கிறது. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஒரு ஆப் வந்துது. வேலை முடிஞ்சதும் வீட்டுக்காரங்க ஸ்டார் குடுக்கணும். ஸ்டார் கம்மியா வந்தா அந்தப் பொம்பளைக்கு அப்புறம் வேலை வராது, தானா நின்னுடும். சரியா நிக்குதான்னு நான் பாக்கணும். பாத்தேன். நின்னுது. சரின்னு எழுதிக் குடுத்தேன்."

துணியை மடித்து என் கையில் கொடுத்துக்கொண்டே பேசினார்.

"கொஞ்ச நாள் கழிச்சு ஆபீஸ் கேட்டுல ஒரு அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. போன்ல வேலை வரதே நின்னு போச்சு, யாரக் கேக்குறதுன்னு தெரியலன்னு சொன்னாங்க. செக்யூரிட்டி உள்ள விடல. நான் டீ குடிக்க வெளிய வந்தவ, அவங்க போன வாங்கிப் பாத்தேன். ஒரு தப்பும் இல்லக்கா. நாங்க நெனச்ச மாதிரியே வேலை செஞ்சிருக்கு. ஏன் ஸ்டார் கம்மி, என்ன நடந்துச்சுன்னு அவங்க சொல்றதுக்கு மட்டும் அதுல இடமே இல்ல. அவங்க சொல்றதக் கேக்க ஒரு இடம் வேணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

"அதுக்காக வேலைய விட்டுடறதா?"

"மறுநாளே விடலக்கா. ரெண்டு வருஷம் ராஜினாமாவ எழுதி எழுதி வச்சிருந்தேன். பரீட்சை எழுதினேன், சீட் கெடைச்சுது, அப்புறம்தான் குடுத்தேன்."

"இப்ப வருத்தமா இல்லியா?"

"காய்ச்சல் வந்தப்ப ஒரு நாள் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத் துணிக்கிளிப்புகளைப் பொறுக்கப் போய்விட்டார்.

அவருக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் அவரைவிட வயதில் சின்னவர். ஒரு நாள் வந்திருந்தார். எங்கள் ஹாலில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் பரிமாறிக்கொண்டிருந்ததால் பேச்சு காதில் விழுந்தது. ஏதோ ஒரு விடுதியில் வேலை செய்கிற பெண் தனக்கு நடந்த ஒன்றைச் சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டு பக்கம் வந்திருக்கிறது. பேராசிரியர் அதைப் படித்துவிட்டு அசந்து போயிருக்கிறார். பிறகு இவர் வழக்கம்போல் அதை எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்ட, அந்தப் பெண் கேட்டு முடித்துவிட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டாள்.

"உங்க ஆராய்ச்சியிலேயே அதுதாங்க முக்கியமான பகுதி. பேர மாத்தி, ஊர மாத்தி வச்சுக்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்றார் பேராசிரியர்.

"எடுக்கச் சொல்லிட்டாங்க சார். எடுத்துட்டேன்."

"கோடு போட்டதுதானே? கோட்டுக்குக் கீழ எழுத்து இருக்குமே?"

"பக்கத்தையே கிழிச்சு அவங்க கையில குடுத்துட்டேன் சார்."

பேராசிரியர் இட்லியை அப்படியே வைத்துவிட்டார். "அதுக்குப் பதிலா என்ன வைக்கப் போறீங்க?"

"இன்னும் ஆறு மாசம் இங்க இருக்கணும் சார். இருக்கேன்" என்று சொல்லி, சட்னிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். வாயே திறக்கவில்லை. அன்று என் கணவரிடம், "ஆம்பளையா இருந்தாலும் இவ்ளோ தைரியம் வராது" என்று பெருமையாகச் சொன்னேன். அந்தச் சட்டம் ஒருநாள் மாடிப்படி இறங்கி என்னிடமும் வரும் என்று நினைக்கவில்லை.

வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி இருக்கும். நோட்டோடு கீழே வந்தார்.

"அக்கா, உங்களப் பத்தி ஒரு பக்கம் இருக்கு. படிச்சுக் காட்டலாமா?"

எனக்குச் சந்தோஷம். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். தலையைக்கூடச் சரிசெய்துகொண்டேன் என்று நினைக்கிறேன்.

"இது கன்னியம்மா சொன்னது. உங்ககிட்ட படிச்சுக் காட்டச் சொன்னதும் அவங்கதான். வேலை போயிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னு ரெண்டு தடவ கேட்டேன். படி, அவங்களுக்கும் தெரியட்டும்னு சொல்லிட்டாங்க."

பிறகு படித்தார். கன்னியம்மா பேசுவது போலவே இருந்தது.

"ஆறு ரூமு, ஆறு பாத்ரூமு. எல்லாத்தையும் கழுவுறது நானு. ஒண்ணுலகூட நான் போவக் கூடாது. ஒரு தபா வெள்ளக்காரம்மா ஒண்ணு பாத்துட்டு கீழ போயி சொல்லிடுச்சு. வூட்டுக்கார அக்கா மாடிப்படில நின்னுக்கினு, விருந்தாளிங்க பாத்ரூமுக்கு உன்ன யாரு போவச் சொன்னதுன்னு கேட்டாங்க. அப்ப எங்க போவணும்னு அவங்க சொல்லல. நானும் கேக்கல. அன்னிலேர்ந்து காலைல தண்ணி குடிக்கிறதில்ல. மத்தியானம் வூட்டுக்குப் போயிதான் குடிக்கிறது. ரெண்டு தபா நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்க. நெறையத் தண்ணி குடிம்மான்னாரு டாக்டரு. ஆவட்டும் சார்னு சொல்லிட்டு வந்தேன். அஞ்சு வருசமா இப்படித்தான்."

கொஞ்சம் நிறுத்தி, "முதல்ல ஆறு வருஷம்னு சொன்னாங்க. நடுவுல கொரோனால ஒரு வருஷம் ரூமெல்லாம் காலியா இருந்துச்சே, அத கழிச்சிடலாமான்னு கேட்டேன். சரி, அஞ்சுன்னு போட்டுக்கோன்னாங்க" என்றார்.

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கீழ ஒரு பாத்ரூம் இருக்குதே. கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லப் போறேன்?"

"இதையும் எழுதிக்கட்டுமா?"

"எழுதாதீங்க. அந்தப் பக்கத்தையே எடுத்துடுங்க."

"அது முடியாதுக்கா. அது கன்னியம்மா சொன்னது. எடுக்கணும்னா அவங்கதான் சொல்லணும். உங்க பேரு, தெரு பேரு எதுவும் வராது. நீங்க என்ன சொல்றீங்களோ அதையும் பக்கத்துலயே எழுதுவேன்."

"எழுதிக்கோங்க. நான் அப்படிச் சொல்லவே இல்ல."

பேனா அசையவில்லை. "சொல்லவே இல்லையா, ஞாபகம் இல்லையா அக்கா?"

அந்தக் கேள்வியைக் கொஞ்சமும் கடுமையாகக் கேட்கவில்லை. டாக்டரிடம் கேட்டதுபோல்தான் கேட்டார். எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"சொல்லவே இல்ல."

எழுதினார். படித்தார். "நான் அப்படிச் சொல்லவே இல்லை. சரியா எழுதியிருக்கேனா?"

"சரி. அடுத்த மாசக் கடைசிக்குள்ள ரூம காலி பண்ணிடுங்க."

"சரிங்க்கா." நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார். கதவருகே போய்த் திரும்பினார். "கன்னியம்மா வேலைக்கு வரலாமில்ல?"

"ஏன், நான் அவ்ளோ கெட்டவளா?"

அவர் நோட்டோடு மேலே போனார்.

மறுநாள் எட்டு மணிக்குக் கன்னியம்மா வந்தாள். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மேலே போனாள். என் கண் அவள் மீதேதான் இருந்தது. பதினொரு மணிக்கு வழக்கம்போல் டீ கொடுத்தேன். "பாதி போதும்க்கா" என்றாள். வருடக்கணக்காக அப்படித்தான் சொல்வாள். என் டீ அவளுக்குப் பிடிக்காது என்று நினைத்திருந்தேன். அதைச் சொல்லி என் கணவரிடம் குறைகூடப் பட்டிருக்கிறேன், இவளுக்கு ருசி ஜாஸ்தி என்று. அன்று பாதி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்தபோது, பன்னிரண்டு குளியல் வாளி நிரப்பினாலும் ஒரு வாய் குடிக்க மாட்டாள் என்பது தெரிந்தது. ஒன்றரை மணிக்குக் குழாயடியில் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். விழுங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வெயிலில் அடி அண்ணாமலைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள். அந்த வேகத்தையும், வேலை முடிந்தால் போதும் என்று ஓடுவதாகத்தான் நான் புரிந்துவைத்திருந்தேன்.

இப்படிப் பத்து நாள் போனது. மாடிக்குப் போவதைத் தவிர்த்தேன். பதினோராவது நாள் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போயே ஆகவேண்டியிருந்தது. ஐந்தாவது படியில் காலை வைத்தபோது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. அது எங்கேயும் போயிருக்கவில்லை, நான்தான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அந்த வாரம் இரண்டு பேர் முன்பதிவை ரத்து செய்திருந்தார்கள், நான் எரிச்சலில் இருந்தேன். வெள்ளைக்காரப் பெண்மணி வந்து மரியாதையாகத்தான் சொன்னார். கன்னியம்மா இதே படியில் ஒரு கையில் மாப்பும் ஒரு கையில் வாளியுமாக நின்றாள். மாப்பிலிருந்து பினாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன். அவள் எழுதச் சொன்ன அதே வார்த்தைகள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அவள் "சரிக்கா" என்றாள்.

தொட்டியைப் பார்க்கவில்லை. நேரே அவர் அறைக் கதவைத் தட்டினேன். புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த வரிய மாத்தணும்."

அவர் நோட்டை எடுத்து, பக்கத்தைத் திறந்து, பேனாவைத் திறந்தார். "சொல்லுங்கக்கா."

"சொன்னேன். மாடிப்படில நின்னுக்கிட்டுச் சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்குது."

எழுதினார், படித்துக் காட்டினார், சரியா என்று கேட்டார். சரி என்றேன். ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று நின்றேன். நான் செய்தது பெரிய காரியம் என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "காபி போடட்டுமாக்கா?" என்றார்.

"வேணாம். நீங்க ரூம காலி பண்ண வேணாம்."

"சரிங்க்கா" என்று சொல்லி, பெட்டியிலிருந்து புத்தகங்களை வெளியே எடுக்க ஆரம்பித்தார். காலி செய்யச் சொன்ன அன்றும் இதே குரலில்தான் சரியென்று சொல்லியிருந்தார்.

கன்னியம்மாவிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலை அவள் வந்ததும் கீழ்க் குளியலறைச் சாவியை நீட்டினேன். "அன்னிக்கு நான் பேசினது தப்பு, கன்னியம்மா. இனிமே இத யூஸ் பண்ணிக்கோ."

சாவியைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"எனக்கு மட்டுமாக்கா? பக்கத்து வூட்ல சரசு இருக்கா. கோடி வூட்ல ரெண்டு பேரு செய்றாங்க. நான் மட்டும் இங்க வந்துட்டுப் போனா அவளுங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"அதுக்கு நான் என்னா பண்றது?"

"அது உங்களுக்குத்தான் தெரியணும்" என்று சொல்லிவிட்டு, அப்புறம்தான் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, தெருப்பக்கம் கதவு வைத்து, ஒரு கழிப்பறையும் ஒரு குழாயும் கட்டினோம். என் கணவர் முதலில் முணுமுணுத்தார். கொத்தனார் வந்ததும் அவர்தான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். கோடி வீட்டு அம்மா, "நீங்க கட்டி எங்கள அசிங்கப்படுத்திட்டீங்க" என்று சொல்லிப் பேச்சை நிறுத்தினார். இன்றுவரை பேசுவதில்லை. மூன்று வீட்டில் வேலை செய்யும் நான்கு பெண்களும் அதைத்தான் உபயோகிக்கிறார்கள். கன்னியம்மா இப்போதும் பாதி டீதான் குடிக்கிறாள். பழகிவிட்டதாம்.

ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்னால் அவர் கடைசி முறையாக எல்லோரிடமும் போனார். தெருமுனை டிபன் சென்டரிலிருந்து அடி அண்ணாமலைக் கடைசி வீடு வரைக்கும் நடந்தே போனார். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்ததால், அவரவர் பக்கத்தைத் தமிழில் தனியாக எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினார். என் முறை வந்தது. மாடியில் அவர் அறையிலேயே உட்கார்ந்து கேட்டேன். கன்னியம்மா சொன்னது அப்படியே இருந்தது. அதன் கீழே நான். 'வீட்டு உரிமையாளர் முதலில் மறுத்தார். பதினோரு நாள் கழித்துத் தாமாக வந்து, சொன்னது உண்மைதான் என்றார்.' அத்தோடு படிப்பதை நிறுத்தினார்.

"நான் கட்டினது?"

"இருக்குக்கா. பக்கத்தோட அடியில, சின்ன எழுத்துல ஒரு வரி."

"ஒரே வரியா? மேலயே எழுதக் கூடாதா?"

"எழுதினேன். கன்னியம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். மேல போடாதேன்னாங்க." கொஞ்சம் தயங்கினார். அவர் தயங்கி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "அவங்க சொன்னத அப்படியே சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

"அத மேல எழுதினா படிக்கிறவங்க, அக்கா எவ்ளோ நல்லவங்கன்னுட்டுப் போயிடுவாங்க. நான் தண்ணி குடிக்காத அஞ்சு வருசம் காணாம போயிடும். கீழ எங்கனா போட்டுக்கோ. இப்படித்தான் சொன்னாங்க."

முற்றத்தில் கன்னியம்மா வாளியைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே மலை வெயிலில் வெளிறிப்போய் நின்றது. வேறெங்காவது பார்க்க வேண்டுமே என்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முதல்ல மறுத்தார்னு ஒரு வரி இருக்குல்ல, அது உங்க வார்த்தைக்கா" என்றார் அவர். "கன்னியம்மாவோடது இல்ல. நீங்க எடுக்கச் சொன்னா எடுத்துடறேன். அப்புறம் வந்து ஒத்துக்கிட்டது மட்டும் இருக்கும்."

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எடுங்கள் என்றால் அந்தக் கணமே கோடு இழுத்திருப்பார், முகம்கூட மாறியிருக்காது. பன்னிரண்டு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தவருக்கு என்னுடைய ஒரு வரி எம்மாத்திரம்?

"இருக்கட்டும்" என்றேன். "நான் சொன்னதுதானே."